சபைக்கு என்ன பெயர் வைப்பது? ஐந்து வழிகளும் விசுவாசிகளின் ஐக்கியமும்

சென்னைப் புறநகர் ஒன்றில், கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து நான்கு ஆண்டுகளாகக் கூடிவரும் 18 குடும்பங்கள் இப்போது சொந்தமாக ஒரு மனை வாங்கியிருக்கின்றன. பத்திரத்தில் எழுதவும் வாசலில் பலகை வைக்கவும் ஒரு பெயர் வேண்டும். அவர்களில் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்கள் உண்டு. லுத்தரன் குடும்பத்தினர் உண்டு. வேலை மாற்றலில் வந்த பெந்தெகொஸ்தே விசுவாசிகளும், சகோதர சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. நான்கு ஆண்டுகள் ஒரே மேசையில் திருவிருந்து எடுத்தவர்கள், பெயரைப் பற்றிப் பேசிய இரண்டே கூட்டங்களில் மனம் கசந்தார்கள். அடுத்த ஞாயிறு மூன்று குடும்பங்கள் வரவில்லை. "எந்தப் பெயர் வைத்தால் நாங்கள் பிரியாமல் இருப்போம்?" என்று அங்குள்ள மூப்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். இதே இடத்தில் சிக்கி நிற்கும் சபைகள் வேறு பல உண்டு என்பதால், அவருக்குச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு இரண்டு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. உள்ளம் ஒன்றாக இருந்தால் பெயர் எதுவானாலும் சரி என்பது ஒன்று. மனிதர் வைத்த பெயர்கள்தான் பிரிவினையின் வேர், வேதத்தில் உள்ள பெயருக்குத் திரும்பினால் பிரிவு ஒழிந்துவிடும் என்பது மற்றொன்று. கடந்த இருநூறு ஆண்டுத் திருச்சபை வரலாறு இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. பெயர் ஐக்கியத்தை உண்டாக்கியதாக எனக்குத் தெரிந்து ஓர் இடமும் இல்லை. ஆனால் இருந்த ஐக்கியத்தைக் காத்த பெயர்களும், சேர வேண்டியவரை வாசலிலேயே நிறுத்திய பெயர்களும் நிறைய உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பெயர் மற்ற விசுவாசிகளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே. ஒரு பெயர் நம்மைப் பற்றி மட்டும் சொல்லலாம். அல்லது "நாங்கள்தான், நீங்கள் அல்ல" என்று சொல்லாமல் சொல்லலாம். அடுத்து, புதிதாக வருபவருக்கு அது உண்மையைச் சொல்கிறதா? குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா, வழிபாட்டுக்கு முறை உண்டா, சபைக்கு மேல் பேராயரோ சங்கமோ உண்டா என்பதை மறைக்கும் பெயர் பிறகு வரும் சண்டைக்கு விதை. மூன்றாவது, போதகர் மாறினாலும் தலைமுறை மாறினாலும் அது நிலைக்குமா? நான்காவது, பத்திரம், பதிவு, கல்யாணம், அடக்கம் ஆகிய நான்கு இடங்களிலும் அந்தப் பெயர் வேலை செய்யுமா?

இவற்றோடு மறக்கக்கூடாத ஒன்று உண்டு. பலகையில் எழுதுவது நம் கையில் இருக்கிறது. ஊர் வாயில் வழங்குவது நம் கையில் இல்லை. அந்தியோகியாவில் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் "வழங்கிற்று" என்றுதான் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அவர்களே கூடி அதைத் தீர்மானித்ததாகச் சொல்லவில்லை. பாளையங்கோட்டைத் தூய திரித்துவப் பேராலயத்தை இன்றும் மக்கள் ஊசிக்கோபுரம் என்றுதான் சொல்கிறார்கள்.

## மரபுப் பெயர்: லுத்தரன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே

இந்தப் பெயர்களில் பல, சூட்டப்பட்டவர்கள் விரும்பிக் கேட்டவை அல்ல. தம் பெயரால் யாரும் தங்களை அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று 1522இலேயே மார்ட்டின் லுத்தர் எழுதினார். மெதடிஸ்ட் என்பது ஆக்ஸ்ஃபோர்டில் வெஸ்லி சகோதரர்களின் ஒழுங்கான பக்தி முறையைப் பார்த்து மற்ற மாணவர்கள் வைத்த கேலிப்பெயர். ஆனாலும் காலப்போக்கில் இவை நேர்மையான பெயர்களாகிவிட்டன. லுத்தரன் என்று பலகையில் பார்க்கிற ஒருவருக்கு உள்ளே என்ன போதிக்கப்படும், எப்படி வழிபடுவார்கள் என்பது தெரியும். ஊர் மாறிப் போகும்போது சபை மாறுதல் கடிதம் செல்லும். கல்யாண ஓலை வாசிப்பதிலும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்பதிலும் இடறல் இருக்காது.

மறைந்திருக்கும் விலை, அந்தப் பெயர்களோடு வரும் பழைய வழக்கு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய பிறகு, தமிழ்க் குடும்பம் ஒன்று லுத்தரன் ஆனதா ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) ஆனதா என்பதைப் பெரும்பாலும் அந்த ஊருக்கு எந்த மிஷன் வந்தது என்பதே தீர்மானித்தது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் நடந்த வாதங்களில் நம் முன்னோருக்குப் பங்கில்லை. அதே தரங்கம்பாடியில் 1919 மே மாதம் கூடிய போதகர்கள் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் வேதனையோடு சொன்னது: இந்தப் பிரிவுகளை உண்டாக்கியவர்கள் நாங்கள் அல்ல, இவை எங்கள் மேல் சுமத்தப்பட்டவை.

உங்கள் சபை உண்மையிலேயே ஒரு சங்கத்துக்கோ பேராயத்துக்கோ கட்டுப்பட்டிருந்தால் மரபுப் பெயரே சரி. அதை மறைக்க வேண்டாம். பொதுப் பெயர் ஒன்றை முன்னால் எழுதிவிட்டு இணைப்பை மட்டும் மறைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. பத்து ஆண்டுகள் காணிக்கை கொடுத்த பிறகு, சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் விசுவாசியின் மனக்காயம், லுத்தரன் என்ற சொல் உண்டாக்கும் தயக்கத்தைவிடப் பல மடங்கு பெரியது.

## வேதத்தில் உள்ள பெயர்: கிறிஸ்துவின் சபை, தேவனுடைய சபை

ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் கிறிஸ்துவின் சபையார் வாழ்த்துகிறார்கள். கொரிந்துவில் இருப்பது தேவனுடைய சபை. இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டால் யாருக்கும் குறைசொல்ல இடமில்லை என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்கள் அதை முழு மனதோடு முயன்று பார்த்த வரலாறு அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் தேடும் ஒவ்வொரு சபையும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கென்டக்கியில் 1804இல் பார்ட்டன் ஸ்டோனும் அவருடைய தோழர்களும் தாங்கள் அமைத்த பிரெஸ்பிட்டேரியன் (மூப்பர்கள் ஆளும் மரபு) மன்றத்தைத் தாங்களே கலைத்து, கிறிஸ்தவர்கள் என்ற பெயரைத் தவிர வேறு பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 1809இல் பென்சில்வேனியாவில் தாமஸ் கேம்பெல் எல்லா விசுவாசிகளின் ஐக்கியத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். இரண்டு ஓடைகளும் 1832இல் லெக்சிங்டன் நகரில் ஒன்று சேர்ந்தன. சேர்ந்தபோதும் பெயரில் ஒருமனம் இல்லை: ஸ்டோன் "கிறிஸ்தவர்கள்" என்றார், தாமஸின் மகன் அலெக்சாண்டர் கேம்பெல் "சீஷர்கள்" என்பதையே விரும்பினார். இரண்டும் வேதத்தில் உள்ள சொற்கள்தாம். ஆராதனையில் இசைக்கருவி வாசிக்கலாமா, சபைகளுக்கு மேல் மிஷனரிச் சங்கம் இருக்கலாமா என்ற கேள்விகள் பிறகு எழுந்தன. உள்நாட்டுப் போர் விட்டுச்சென்ற வடக்கு, தெற்கு மனக்கசப்பும் சேர்ந்துகொண்டது. 1906இல் அமெரிக்க அரசின் சமயக் கணக்கெடுப்பு கிறிஸ்துவின் சபைகளைத் தனிப் பிரிவாகப் பதிவு செய்தது. மீதியிருந்தவர்களும் அதே இருபதாம் நூற்றாண்டில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஐக்கியத்துக்காக எல்லாப் பெயர்களையும் விட்டவர்களிடமிருந்து மூன்று பெயர்கள் பிறந்தன.

தேவனுடைய சபை என்ற பெயருக்கும் இதே நிலைதான். ஆண்டர்சன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டதும் கிளீவ்லாந்து நகரைத் தலைமையிடமாகக் கொண்டதும் ஒரே பெயருடைய இரு வேறு அமைப்புகள் என்பதால், எது எது என்று அறிய ஊர்ப்பெயரைச் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கொரிந்து சபையில் சிலர் பவுலைச் சேர்ந்தவர்கள் என்றார்கள், சிலர் அப்பொல்லோவை, சிலர் கேபாவை. இந்த மூன்றையும் மேற்கோள் காட்டுகிறவர்கள் நான்காவதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்: "நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்" என்றவர்களும் அதே கண்டனத்துக்குள் வருகிறார்கள். அந்தச் சொற்களில் குற்றமில்லை. மற்றவர்களிடமிருந்து தம்மைப் பிரித்துக்காட்ட அவற்றைப் பயன்படுத்தியதில்தான் குற்றம் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

அமெரிக்க இயக்கத்துக்குள்ளேயே இதற்கு மருந்தாக ஒரு பழைய வாக்கு வழங்கியது: நாங்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமே, ஆனால் நாங்கள் மட்டுமே கிறிஸ்தவர்கள் அல்ல. இந்த வாக்கின் இரண்டாம் பாதியையும் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லத் துணிவுள்ள சபைக்கு வேதப் பெயர் மிக அழகான பெயர். முதல் பாதியை மட்டும் சொல்லும் சபைக்கு அதுவே மிகக் கூர்மையான கத்தி.

## பெயரில்லாமல், ஊர்ப்பெயரில் மட்டும் கூடுவது

சகோதர சபைகளின் வழி இது. அப்பம் பிட்குதலுக்காக எளிமையாகக் கூடிய அவர்களுக்கு, இங்கிலாந்தின் பிளிமத் நகரில் கூடியவர்கள் பெரிதும் அறியப்பட்டதால், உலகம் பிளிமத் சகோதரர்கள் என்று பெயரிட்டது. பெயர் வேண்டாம் என்ற கொள்கை 1848இல் அவர்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கவில்லை. யாரைத் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்வியில் திறந்த பிரிவென்றும் விலகிய பிரிவென்றும் ஆனார்கள். ஆனால் அந்த வழியின் நல்ல கனியைத் தமிழ் மண்ணும் கண்டது. சகோதர சபை மிஷனரி ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸிடம் பயின்ற அருளப்பன், எந்த மிஷனின் சம்பளமும் பெயரும் இல்லாமல் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தார். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலில் அவருடைய பங்கு பெரியது.

சுவிசேஷகர் பக்த் சிங் 1941இல் சென்னையில் தொடங்கிய கூடுகைக்கு யேகோவா ஷம்மா என்பது பெயர். எசேக்கியேல் நூலின் கடைசி வசனத்தில் வரும் நகரத்தின் பெயர் அது. தம் பெயரையோ ஒரு சமயப் பிரிவின் பெயரையோ சபைகளுக்கு வைக்கக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இன்று அவற்றை ஊர் எப்படி அழைக்கிறது? பக்த் சிங் சபைகள் என்றே.

ஊர்ப்பெயர் வழியில் இன்னொரு கவனம் தேவை. "இந்த ஊரில் கூடுகிற ஒரு சபை" என்பதற்கும் "இந்த ஊரின் சபை" என்பதற்கும் இடையே உள்ள தூரம் சிறியதல்ல. சீனாவில் வாட்ச்மன் நீ வலியுறுத்திய ஒரு நகரத்துக்கு ஒரே சபை என்ற போதனை, ஐக்கியத்துக்காகச் சொல்லப்பட்டதுதான். ஆனால் அதே தெருவில் ஏற்கெனவே மூன்று சபைகள் இருக்கும்போது அந்தப் பெயரைச் சூடிக்கொள்வது மற்ற மூன்றையும் இல்லை என்று சொல்வதாகிவிடுகிறது.

பெயரில்லாமையின் மறைவான விலையை நான் ஓர் அடக்கத்தில் கண்டேன். பெயரற்ற சிறு கூடுகை ஒன்றைச் சேர்ந்த உறவினர் ஒருவர் இரவில் இறந்துபோனார். விடிந்ததும் அவருடைய மகன் கல்லறைக் கமிட்டிச் செயலரிடம் போனார். "எந்தச் சபை?" என்று கேட்டார் செயலர். "நாங்கள் விசுவாசிகள், வீட்டில் கூடுகிறோம்" என்றார் மகன். "அது சரி தம்பி, கடிதம் எந்தச் சபையிலிருந்து வரும்?" என்றார் அவர். கடுமையாகக் கேட்கவில்லை, அவர் முன்னால் இருந்த பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. மாலை நான்கு மணிவரை, ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் பாடிக்கொண்டிருக்க, ஆண்கள் ஒரு கடிதத்துக்காக நான்கு போதகர் வீடுகளின் படி ஏறினார்கள். கடைசியில் கொடுத்தவர், அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன் விட்டு வந்த மரபுச் சபையின் குருவானவர்தான். அன்று அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

கல்யாணத்திலும் இதே நெருக்கடி உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரால் குருப்பட்டம் பெற்றவருக்கு இருக்கும் உரிமை தனிச் சபைப் போதகருக்குத் தானாக வருவதில்லை; அவர் அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

ஆகவே, ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடும் நாட்களில் பெயரில்லாமல் இருப்பது நல்லது, அவசரமும் இல்லை. மனை, பிள்ளைகளின் கல்யாணம், முதியோரின் அடக்கம் என்று பொறுப்புகள் வந்த பிறகு அது யாரோ ஒருவர் வீட்டுக்குப் பாரமாகிவிடும்.

## ஐக்கியத்தையே பெயராக வைப்பது

சென்னையில் 1886இல் மருத்துவர் புல்னி ஆண்டி, மேலைநாட்டுப் பிரிவுகளைக் கடந்த தேசியத் திருச்சபை ஒன்றைத் தொடங்கினார். நோக்கம் உயர்ந்தது, பெயரும் எல்லாரையும் அணைத்தது. ஆனால் சேர வேண்டிய சபைகள் தத்தம் மிஷன்களை விட்டு வரவில்லை; அது சிறு குழுவாகவே இருந்து, அவருடைய காலத்துக்குப் பிறகு மங்கிப்போனது.

தரங்கம்பாடி அறிக்கையிலிருந்து புறப்பட்டவர்கள் வேறு விதமாக நடந்தார்கள். பலகை மாறுவதற்கு முன் 28 ஆண்டுகள் பேசினார்கள். பேராயர்கள் வேண்டுமா, ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர்களை மீண்டும் அபிஷேகம் செய்ய வேண்டுமா, திருவிருந்தை யார் நடத்தலாம் என்று ஒவ்வொன்றாக. வெள்ளாளன்விளையில் பிறந்து, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912இல் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கலில் பொறுப்பேற்ற அசரியா, இதற்காகவே உழைத்து 1945 ஜனவரி முதல் நாள் காலமானார்; பலனைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்று மரபுகள் தென்னிந்தியத் திருச்சபையாயின. இந்தப் பெயரில் கொள்கை இல்லை, ஆள் இல்லை, வெற்றி பெற்ற தரப்பு இல்லை; இடம் மட்டுமே இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரு சபைக்குப் பழக்கமில்லாத வழிபாட்டு முறையையோ அது மனச்சாட்சியில் ஏற்காத குருவையோ அதன் மேல் திணிப்பதில்லை என்ற வாக்குறுதி இணைப்புக்குள் இருந்தது. எழும்பூரில் ஸ்காட்லாந்து மரபின் தூய அந்திரேயா ஆலயம் இன்றும் கிர்க் என்றே வழங்குகிறது. ராயப்பேட்டையில் வெஸ்லி ஆலயம் வெஸ்லி ஆலயமாகவே இருக்கிறது. பழைய பெயர்களை அழிக்காமலே ஒன்றானார்கள்.

இதற்கும் விலை உண்டு. இடத்தை வைத்த பெயர் இடத்தால் இறுகும்: பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பேராயமும் 1947 முதல் "தென்னிந்திய" என்ற அடைமொழியைச் சுமக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இணைப்புக்கு வெளியே நின்றது. கனடாவில் 1925இல் ஐக்கிய சபை உருவானபோது பிரெஸ்பிட்டேரியன் மரபினரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சேரவில்லை. தங்கள் பழைய பெயருக்கான சட்ட உரிமையை அவர்கள் பெற 1939 ஆயிற்று. "ஐக்கிய" என்று பெயர் வைக்கிறவர்கள், சேராதவருக்கு என்ன பெயர் மிச்சம் வைக்கிறோம் என்பதையும் நினைக்க வேண்டும். 18 குடும்பங்களுள்ள சபைக்கு இந்தப் பெயர் பொருந்தாது என்பது என் கருத்து. இரண்டு சபைகள் பேசி முடித்து ஒன்றாகும்போது அது பொருந்தும்.

## எபிரெயப் பெயரும் ஊழியக்காரர் பெயரும்

பெத்தேல், எலிம், சீயோன், எபெனேசர் ஆகியவை யாரையும் புண்படுத்தாத, பழகிய பெயர்கள். அவற்றில் குறை, அவை எதையும் தெரிவிப்பதில்லை என்பது மட்டுமே. கீழே ஒரு வரி எழுதி அதைச் சரிசெய்யலாம். போதகரின் பெயரோ அவர் ஊழியத்தின் பெயரோ சபைக்கு வேண்டவே வேண்டாம். அவர் ஓய்வுபெறும் நாளில் பெயர் மகனுக்கா, சபைக்கா என்ற வழக்கு வரும்; அவர் தவறினால் சபை முழுவதும் அந்தத் தவற்றைப் பெயராகச் சுமக்கும்.

## பெயர் எட்டாத இடம்

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தின் கத்தோலிக்க ஆலயத்துக்குத் திருக்குடும்ப ஆலயம் என்று பெயர். அந்தப் பெயரின் கீழ், ஒரே பீடத்துக்கு முன்னால், சாதி வாரியாக மக்களைப் பிரித்த தடுப்பு பல ஆண்டுகள் நின்றது; 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. எந்தப் பெயராலும் அந்தத் தடுப்பைத் தகர்த்திருக்க முடியாது. அது கையால் இடிக்கப்பட வேண்டியதாக இருந்தது.

மறுபக்கமும் உண்டு. இலங்கையில் 1924இல் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இந்தியாவில் 1984 முதல் தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரில் இயங்குகிறது. இலங்கையில் பழைய பெயரே நிலைக்கிறது. அமெரிக்காவில் வேறொரு பெயர். அவர்களுடைய போதனை எல்லாவற்றோடும் உடன்படாத நான், ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: பெயர் நாட்டுக்கு நாடு மாறியும் அவர்கள் ஒரே ஐக்கியமாக இருக்கிறார்கள், ஏனென்றால் ஊழியக்காரரின் வாழ்க்கை முறையும் அவர்கள் கூடி வாழும் விசுவாச வீடுகளின் ஒழுங்கும் எங்கும் ஒன்றே.

## அந்த 18 குடும்பங்களுக்கு

உங்கள் நிலையில் நான் ஊர்ப்பெயரை முதல் வரியாகவும் உண்மை நிலையை இரண்டாம் வரியாகவும் எழுதுவேன். உதாரணமாக, முதல் வரியில் தெருவின் அல்லது குடியிருப்பின் பெயரோடு "கிறிஸ்தவ சபை". கீழே சிறிய எழுத்தில் "பல மரபுகளைச் சேர்ந்தவர்கள் கூடும் தனிச் சபை". "ஒரே", "உண்மையான", "முழு" போன்ற சொற்கள் எங்கும் வேண்டாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏற்கெனவே பதிவான பெயரோடு ஒத்திருக்கும் பெயர் மறுக்கப்படலாம் என்பதால், ஊர்ப்பெயர் சேர்ப்பதில் அந்த வசதியும் உண்டு. பெயரைப் பிறகு மாற்றுவது எளிதல்ல. பத்திரம், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, பழைய ஞானஸ்நானச் சான்றிதழ்கள் என்று ஒவ்வொன்றாக அலைய நேரிடும்.

ஆனால் பெயருக்கு முன் மூன்று காரியங்களை எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவரைத் திருவிருந்துக்குச் சேர்ப்பீர்களா? வேறு சபையிலிருந்து கடிதத்தோடு வருபவரை அப்படியே ஏற்பீர்களா? உங்களில் ஒருவர் வேறு சபைக்குப் போக விரும்பினால் கசப்பின்றிக் கடிதம் கொடுப்பீர்களா? நீங்கள் சொன்ன இரண்டு கூட்டங்களிலும் சண்டை பெயரைப் பற்றி நடக்கவில்லை, முதல் கேள்வியைப் பற்றியே நடந்திருக்கிறது என்பது என் ஊகம். அந்தக் கூட்டங்களில் "விசுவாசிகளின் சபை" என்ற பெயரை லுத்தரன் குடும்பத்தினர் எதிர்த்ததாகச் சொன்னீர்கள்; ஏன் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். தாங்கள் சிறு வயதில் பெற்ற ஞானஸ்நானத்தை அந்தச் சொல் இல்லையென்று ஆக்கிவிடும் என்று அவர்கள் அஞ்சியிருக்கலாம்.

பிறகு, தேர்ந்தெடுத்த பெயரை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சபைகளின் போதகர்களிடம் போங்கள். அவர்கள் முன் அதை வாய்விட்டு வாசியுங்கள். அவர்கள் முகம் சுருங்கினால் ஏன் என்று கேளுங்கள்.

பத்திரத்துக்கு இப்போதைக்கு அறக்கட்டளையின் பெயர் போதும். பலகை இன்னும் ஆறு மாதம் காத்திருக்கலாம். வராமல் போன மூன்று குடும்பங்களின் வீடுகளுக்கு இந்த வாரமே போய்வாருங்கள், அவர்கள் இல்லாத கூட்டத்தில் பெயரைத் தீர்மானிக்காதீர்கள்.